தெற்கு வாசலில் மூன்று முறை

கழுதை திருடினான் என்று கிளோவிஸ் ஹாச்சரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று ஓலீட்டா என் ஜாமீன் அலுவலகத்துக்கு வந்து சொன்னபோது, நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, "யாரோட கழுதை?" என்று கேட்டேன்.

"அவனோடதுதான்," என்றாள். "அதான் சிக்கலே."

அவள் கையில் முழங்கை வரை சோளமாவு அப்பியிருந்தது. நீதிமன்றச் சதுக்கத்தின் மேற்கு ஓரத்தில் அவளுடைய வண்டிக்கடை நிற்கும். கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துக் கொடுப்பாள். பதினொரு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஒரு மணிக்குள் மீன் தீர்ந்துவிடும். அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றால் விஷயம் பெரியது என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் கழுதை என்ற சொல்லுக்குப் பிறகு எதையும் பெரியதாக எடுத்துக்கொள்வது கடினமாக இருந்தது.

நடந்தது இதுதான். போன இலையுதிர் காலத்தில் கிளோவிஸ் தன் கழுதையைப் பக்கத்து நிலத்துக்காரர் லோவெல் பிக்கெட்டுக்கு விற்றிருக்கிறார். ஆட்டு மந்தைக்குக் காவல். நரி வந்தால் உதைக்கும். டச்சஸ் என்று பெயர். டச்சஸுக்கு ஆடுகளும் பிடிக்கவில்லை, பிக்கெட்டும் பிடிக்கவில்லை. இரண்டு முறை வேலியைச் சாய்த்துக்கொண்டு பழைய வீட்டுக்கே வந்தது. இரண்டு முறையும் கிளோவிஸ் ஓட்டிக்கொண்டுபோய் விட்டார். மூன்றாம் முறை, "அது உன்னை வேணாம்னு சொல்லிடுச்சு, லோவெல். நான் என்ன பண்ண?" என்று சொல்லி, தண்ணீர் காட்டி வைத்துக்கொண்டார். பிக்கெட் நேராக ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனார். டெக்சஸில் கால்நடைத் திருட்டு விளையாட்டுக் காரியமல்ல. கழுதையின் விருப்பத்தைச் சட்டம் விசாரிப்பதில்லை.

"காலையில ஒரு நீதிபதி வந்து ஜாமீன் தொகை சொல்லிட்டுப் போனாராம். அஞ்சாயிரம் டாலர்," என்றாள் ஓலீட்டா. "இனிமே என்ன? சினிமாவுல காட்டுற மாதிரி பெட்டி நிறையப் பணம் கொண்டுபோய்க் கொட்டணுமா?"

"கொட்டலாம். முழுசா கட்டினா, அவரு ஒழுங்கா எல்லா வாய்தாவுக்கும் வந்து கேஸ் முடிஞ்சதும் திரும்பக் கிடைக்கும்."

"அவ்வளவு இருந்தா நான் ஏன் மீன் பொரிக்கிறேன்?"

"அப்ப பத்துல ஒரு பங்கு எனக்குக் குடு. முழுத் தொகைக்கும் நான் பத்திரம் எழுதி நிப்பேன். ஆனா அந்தப் பத்துல ஒண்ணு உனக்குத் திரும்பி வராது. அது என் பிழைப்பு."

"அவன் வரலைன்னா?"

"கோர்ட்டு என்னைப் பிடிக்கும். நான் உன்னைப் பிடிப்பேன்."

"என்கிட்ட பிடிக்க என்ன இருக்கு?"

எனக்கு எப்போதுமே பதில் சொல்லாமல் இருப்பது சுலபம். இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். தெருக்கோடியில் வண்டிக்கடையின் பின்பக்கம் தெரிந்தது. வெள்ளைத் தகரத்தில் அவளே வரைந்த கெளுத்தி, மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"நாசமாப் போறவன்," என்றாள் மெதுவாக.

அவளும் கிளோவிஸும் பிரிந்து பதினொரு வருஷம் ஆகிறது. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓலீட்டா எனக்கு ஒரு வகுப்பு மேல். அந்த உரிமையில் கேட்டேன்: "அவருக்காக நீ ஏன் கையெழுத்து போடணும்?"

"ஜெயில்ல செல்போனைப் பிடுங்கிடுறாங்கல்ல. ஒரு போன் பண்ணிக்கோன்னு சொன்னா, அவனுக்கு மனப்பாடமா தெரிஞ்ச நம்பர் ஒண்ணே ஒண்ணுதான். என் வீட்டு நம்பர். பழைய கம்பி போன். 'இன்னும் இதை வச்சிருக்கியா?'ன்னு கேக்குறான். என் பிறந்தநாள் ஒரு வருஷமாவது ஞாபகம் இருந்திருக்கா? நம்பர் மட்டும் இருக்கு."

"வச்சிருக்கேதானே நீயும்?"

"பேச்சைக் குறைச்சுட்டுத் தாளை எடு, வெண்டல்."

எடுத்தேன். அவர் எங்கே வேலை செய்கிறார், எங்கே தங்குகிறார், உறவினர் யார், உடம்பில் அடையாளம் என்ன என்று ஒரு பக்கம். அடையாளம் என்ற இடத்தில் அவள் பேனாவை நிறுத்தி யோசித்தாள். பிறகு "தொப்பி, தாடி" என்று எழுதினாள். கடைசிப் பக்கத்தில், அவர் வராவிட்டால் வண்டிக்கடையை நான் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். தாளில் மாவு ஒட்டிக்கொண்டது.

சிறை இரண்டு கட்டிடம் தள்ளி. பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்திரம் போன உடனே ஆள் வெளியே வந்துவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் வேறு எந்த ஊரிலாவது இவர்மேல் வழக்கு இருக்கிறதா என்று தேடுவார்கள். பிறகு மதியச் சாப்பாடு. அது முடிந்து தலை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் காவலர் மாறுவார்கள், புதியவர் மறுபடி எண்ணுவார். அந்த வரவேற்பறை நாற்காலியில் என் ஆயுளில் எத்தனை வருஷம் போயிருக்கும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். எனக்கு அது பிடிக்கும். யாரும் பேசாத இடம். நான் ஏதாவது ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருப்பேன்.

மூன்று மணிக்குக் கிளோவிஸ் வந்தார். கையில் ஒரு காகிதப் பை. ஷூவுக்குக் கயிறு கோப்பதற்கு முன்பே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அகலமான, வியர்வைக் கறை படிந்த, ஒரு காலத்தில் சாம்பல் நிறமாக இருந்த தொப்பி. அதற்குக் கீழே மார்பு வரை வெள்ளைத் தாடி. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"ஓலீட்டா கையெழுத்து போட்டாளா?"

"வண்டியை வச்சுப் போட்டிருக்கா."

தொப்பியைக் கழற்றாமலே தலையைச் சொறிந்துகொண்டார். "அந்த வண்டி போச்சுன்னா நான் ஜெயிலுக்குள்ளயே இருக்கறது மேல், யப்பா. அவ கைக்குத் தப்பிக்கவாவது கம்பி இருக்கும்."

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க." இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவரும் வார்த்தைகளைச் சொன்னேன். "திங்கக்கிழமை திங்கக்கிழமை எனக்குப் போன் பண்ணணும். புதுசா எந்த வம்பும் கூடாது. உங்க லாரிக்குப் பின்விளக்கு எரியலை, அதை ஓட்டிட்டு வந்து இன்னொரு தடவை மாட்டிக்காதீங்க. கேஸைப் பத்தி யாரோடவும் பேசக்கூடாது. கோர்ட்டுக்குச் சவரம் பண்ணிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு வரணும். தொப்பி கூடாது. போன் உள்ள கொண்டுபோகக் கூடாது. சீக்கிரம் வந்து உக்காந்துடணும். உங்க பேரைக் கோர்ட்டு வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிடுவாங்க. மூணு தடவைக்கும் நீங்க இல்லைன்னா ஓலீட்டாவோட வண்டி போச்சு."

"மூணு தடவையா?"

"மூணு தடவை."

"நல்ல ஏற்பாடுதான்," என்றார். "எனக்கு வலது காது மந்தம்."

அப்போது நான் நிறுத்தியிருக்கலாம். பட்டியல் முதலில் உள்ளே படிக்கப்படும், வாசலில் கூப்பிடுவது வராதவர்களுக்கு என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதிக நாள் சொன்ன வாக்கியம் வாயில் தானாகவே ஓடும். அதற்குள் நான் வேறு எங்கோ போய்விடுவேன்.

திங்கட்கிழமை தவறாமல் போன் செய்தார். "வெண்டல், நான் கிளோவிஸ். இருக்கேன்" என்பார். "சரி" என்பேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டோம். நான் வைக்க மாட்டேன், அவரும் வைக்க மாட்டார். பின்னால் கழுதை கத்துவது கேட்கும். அது பிக்கெட்டுடைய வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துகிறது என்று நம்புவது என் வேலைக்கு வசதியாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை வாய்தா. எட்டரை மணிக்கு நான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டேன். எங்கள் நீதிமன்றம் சதுக்கத்தின் நடுவில் நாலு பக்கமும் வாசலோடு நிற்கிற கல் கட்டிடம். நாலில் இப்போது திறந்திருப்பது வடக்கு வாசல் மட்டும். அங்கேதான் பையைச் சோதிக்கும் இயந்திரம் இருக்கிறது. உள்ளே நுழைந்து, இரண்டாம் மாடியில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு நீதிபதி கிர்ஷ்னர் அம்மாள் வந்தார். டவாலி டப் மேஹ்யூ எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். அவருக்கு முழங்கால் வலி என்பதால் அவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் எழுந்து, அவருக்கு முன்பே உட்கார்ந்துவிட்டோம். பட்டியலைப் படித்தார்கள்.

"கிளோவிஸ் ஹாச்சர்."

யாரும் எழவில்லை. எல்லா வரிசையையும் பார்த்தேன். தொப்பியும் இல்லை, தாடியும் இல்லை.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்க ஆளுதானே, மிஸ்டர் ஸ்ட்ரவுட்?"

"ஆமாம்மா."

"பட்டியலோட கடைசியில மறுபடி கூப்பிடுறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

கடைசி என்றால் பதினொரு மணி. வெளியே வந்து, முதலில் கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். கிழக்குப் பக்கம் இரண்டு வக்கீல்கள் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெற்குப் பக்கம், பூட்டிக் கிடக்கும் பழைய பெரிய வாசலின் படிக்கட்டில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மொட்டைத்தலைக்காரர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் மழமழவென்றிருந்தது. நெற்றிக்கு மேலே உரித்த முட்டை மாதிரி வெளுப்பு. வெளியூர்க்காரர், கட்டிடத்தைப் பார்க்க வந்தவர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் தெரியாதவருக்கும் தலையசைப்பது வழக்கம். அசைத்தேன். அவர் ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

மேற்கே ஓலீட்டா எண்ணெய்ச் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அடுப்பை அணைத்தாள்.

"வரலையா?"

"கடைசிப் பேரா வச்சிருக்காங்க. பதினோரு மணி வரைக்கும் டைம் இருக்கு."

ஏப்ரனை அவிழ்த்துச் சுருட்டி ஜன்னலுக்குள் எறிந்தாள். "அவனைக் கண்டுபிடிச்சா நீ ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போகவேணாம். சட்டியே போதும்."

என் வண்டியில் கிளம்பினோம். வழியில் தீவனக் கடையில் கேட்டேன். பெட்ரோல் போடும் இடத்தில் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: "அந்தத் தொப்பியை இன்னிக்குப் பாக்கலையே."

கிளோவிஸின் வீடு ஊரிலிருந்து ஏழு மைல். வழியெல்லாம் ஓலீட்டா திட்டிக்கொண்டே வந்தாள். அவர் மறந்த பிறந்தநாட்கள், அவர் கட்டி முடிக்காத குளியலறை, தேனிலவுக்கு அழைத்துப்போன மாட்டுச் சந்தை. நான் சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்தை ஏழு மைலில் அடக்குவது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வாசலில் லாரி நின்றது. அதன் பக்கத்தில் டச்சஸ் நின்றது. மறுபடி வந்திருக்கிறது. எங்களைப் பார்த்து ஒரு காதை மட்டும் திருப்பியது.

"கிளோவிஸ்!" என்று ஓலீட்டா கூப்பிட்டாள். பதில் இல்லை. நான் அவருடைய நம்பருக்குப் போன் போட்டேன். லாரிக்குள்ளிருந்து மணி அடித்தது. இருக்கையின் மேல் போன் கிடந்தது. அதன் பக்கத்தில் தொப்பி.

ஓலீட்டா பேச்சை நிறுத்தினாள்.

கதவைத் திறந்து தொப்பியை எடுத்தாள். உள்பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள், காய்ந்திருக்கிறதா என்று. "இதை விட்டுட்டு அவன் எங்கேயும் போகமாட்டான், வெண்டல்," என்றாள். "கல்யாணத்துக்கே இதைப் போட்டுட்டுத்தான் வந்தான். பாதிரியார் சொல்லிப் பாத்தாரு, கேக்கலை."

பிறகு அவள் என்னைக் கேட்காமலே வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். பின்னால் குளம். நான் கூடப் போனேன். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு தும்பி வந்து உட்கார்ந்து எழுந்து போனது. அந்த நேரத்தில் வண்டிக்கடை அவள் நினைவில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை நிமிடம் நின்றோம் என்று தெரியாது. மௌனத்தில் பல வகை உண்டு, எனக்கு அநேகமாக எல்லாம் பழக்கம். இது எனக்குப் பழக்கமில்லாதது.

"கரையில கால்தடம் ஒண்ணும் இல்லை," என்றேன் கடைசியில்.

"கழுதைத் தடம்தான் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். "சமையலறையைப் பாரு."

பார்த்தோம். சவரக் கத்தி ஈரமாக இருந்தது. கழுவும் தொட்டி நிறைய வெள்ளை முடி, ஒரு முயலை உரித்துவைத்த மாதிரி. கதவின் பின்னால் இஸ்திரிப் பலகை விரித்தபடி. சுவர் நாட்காட்டியில் இன்றைய தேதியைச் சுற்றி மூன்று வட்டம்.

"கிளம்பியிருக்கான்," என்றாள் ஓலீட்டா. "லாரி இல்லாம, போன் இல்லாம, தொப்பி இல்லாம. எங்கேதான் போனான்?"

மூன்றும் என் வாயிலிருந்து போனவை என்பது அப்போதுதான் லேசாக உறைத்தது. ஆனால் கடிகாரம் பத்தரை காட்டியது. யோசிக்க நேரமில்லை. திரும்பும்போது தொப்பி அவள் மடியில் இருந்தது. ஏழு மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மேற்குப் பக்கத்தில் அவளை இறக்கிவிட்டேன். ஜன்னல் முன்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வருகிறேன் என்றாள். எனக்கு வண்டி நிறுத்த இடம் தெற்குத் தெருவில்தான் கிடைத்தது. படிக்கட்டைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்த வெளியூர்க்காரர் இன்னும் உட்கார்ந்திருந்தார். வெயில் நகர்ந்து அவர் தலைமேல் வந்திருந்தது, வெளுத்த இடம் சிவக்க ஆரம்பித்திருந்தது. மறுபடி தலையசைத்தேன். மறுபடி விரலைத் தூக்கினார்.

நான் உள்ளே போனபோது அரசு வக்கீல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வழக்கு. ஓலீட்டா மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு.

"கிளோவிஸ் ஹாச்சர்," என்றார் நீதிபதி.

ஒரு மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

"டப், ஒரு தடவை கூப்பிட்டுடு."

டப் மேஹ்யூ அறைக் கதவு வரை நடந்து, காலியான நடைபாதைக்குள் தலையை நீட்டி, ஒரே மூச்சில் "கிளோவிஸ் ஹாச்சர் கிளோவிஸ் ஹாச்சர் கிளோவிஸ் ஹாச்சர்" என்றார். பிறகு திரும்பி, "யாரும் இல்லைம்மா," என்றார். பல வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. அதற்குப் பின் நீதிபதி ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். ஜாமீன் போகும். பிடிவாரண்ட் வரும். நூறு முறையாவது பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூட வாய் திறந்ததில்லை.

நீதிபதி பேனாவை எடுத்தார். என் பக்கத்தில் தொப்பியின் ஓரம் நசுங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா," என்று எழுந்தேன். "ஒரு வார்த்தை. சட்டத்துல கோர்ட்டு வாசல்ல நின்னு தெளிவாக் கூப்பிடணும்னு இருக்கு. இது அறைக் கதவு."

அரசு வக்கீல் சிரித்துவிட்டார். டப் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷ நட்பு முடிந்துபோனது.

"வெண்டல், கீழே அறுபத்திரண்டு படி இருக்கு," என்றார். "நான் எண்ணியிருக்கேன். ஒவ்வொண்ணையும் என் முழங்கால் எண்ணியிருக்கு."

"எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கணும், அதுக்குத்தான் டப். பொய் சொல்லலை."

நீதிபதி சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் தேடினார். படித்தார். எவ்வளவு நேரம் படித்தார் என்றால், அரசு வக்கீல் சிரிப்பை முடித்து, இருமி, அதையும் முடித்துவிட்டார்.

"இருக்கு," என்றார் நீதிபதி. "இத்தனை நாள் நாம சோம்பேறித்தனமா இருந்திருக்கோம். எந்த வாசல்?"

"ஏலம் கூறுறது, நோட்டீஸ் ஒட்டுறது எல்லாம் தெற்கு வாசல்லதாம்மா," என்றார் டப் வேதனையோடு. "ஆனா அது பூட்டியிருக்கு."

"சாவி உன் இடுப்புலதானே தொங்குது."

கூட்டமாகவே இறங்கினோம். வேறு வழக்கு இல்லாததால் நீதிபதியும் அங்கியோடு வந்தார். டப் ஒவ்வொரு படிக்கும் என் பெயரைச் சொல்லி ஒன்று சொன்னார், எதையும் இங்கே எழுத முடியாது. தெற்கு வாசலின் பூட்டு மூன்று சாவிக்குப் பிறகு திறந்தது. நானும் அரசு வக்கீலும் தோள் கொடுத்துத் தள்ளினோம். பெரிய கதவு தரையைக் கீறிக்கொண்டு திறக்க, வெயில் உள்ளே விழுந்தது.

வாசலின் இடதுபக்கம் மேல்படியில் அதே மொட்டைத்தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். கதவுச் சத்தத்துக்கு எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

டப் மூச்சை இழுத்து, சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி, தெளிவாக, "கிளோவிஸ் ஹாச்சர்," என்று கூப்பிட்டார். எதிர் வரிசைக் கடைகளில் மோதி அந்தப் பெயர் திரும்பி வந்தது.

மொட்டைத்தலைக்காரர் ஒரு விரலைத் தூக்கினார். ஒன்று என்று எண்ணுகிற மாதிரி.

"கிளோவிஸ் ஹாச்சர்."

இரண்டாவது விரல். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் ஓலீட்டாவிடமிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது.

"கிளோவிஸ் ஹாச்சர்."

"இருக்கேன்," என்றார் அவர். திங்கட்கிழமைகளில் போனில் வரும் அதே குரல்.

டப் வாயை மூடாமலே நின்றார்.

"அந்த மண்டையை எனக்குத் தெரியும்," என்றாள் ஓலீட்டா. "இருபத்திரண்டு வருஷம் ராத்திரி விளக்கை அணைச்ச பிறகும் அது தெரியும்." இரண்டு படி இறங்கிப் போய் அவர் தலையில் தொப்பியை அழுத்தினாள். அவர் உடனே கழற்றி அவளிடமே கொடுத்தார்.

"கோர்ட்டுல தொப்பி கூடாது, ஓலீட்டா. வெண்டல் சொல்லியிருக்கான்."

"எத்தனை மணிக்கு வந்தீங்க, மிஸ்டர் ஹாச்சர்?" என்று நீதிபதி கேட்டார்.

"ஆறரைம்மா. பால் வண்டிக்காரர் இறக்கிவிட்டாரு. வாசல்ல மூணு தடவை கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்க, உக்காந்திருந்தேன். கொஞ்சம் லேட்டாதான் கூப்பிட்டீங்க. பரவாயில்லை."

நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைப் பார்த்தார், பிறகு டப்பை, பிறகு வெகு நேரம் என்னை. "வாசல்ல கூப்பிட்டாங்க, ஆள் வந்தாருன்னு எழுதிக்கோங்க," என்று அரசு வக்கீலிடம் சொன்னார். "அடுத்த வாய்தா ஆகஸ்ட். கழுதை இப்ப எங்க இருக்கு?"

ஓலீட்டா தொப்பியை ஆராய்ந்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கேஸைப் பத்தி யாரோடவும் பேசக்கூடாதும்மா," என்றார் கிளோவிஸ்.

நீதிபதி அங்கியைத் திரட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருடைய தோள்கள் குலுங்கின. படியேற வேண்டியிருந்த டப்பின் தோள்கள் குலுங்கவில்லை.

அன்று வண்டிக்கடை பன்னிரண்டு மணிக்குத் திறந்தது. சதுக்கத்தைச் சுற்றி வரிசை நின்றது, செய்தி அதற்குள் பரவியிருந்தது. ஓலீட்டா கிளோவிஸின் கையில் ஏப்ரனைக் கொடுத்து மாவுப் பாத்திரத்தின் முன்னால் நிறுத்தினாள். "ஆகஸ்ட் வரைக்கும் நீ என் கண் பார்வையில இருக்கே," என்றாள். "என் வண்டி, என் கெளுத்தி, என் ஜாமீன்." அவர் மறுக்கவில்லை. உச்சந்தலையில் அவள் தடவிய வெண்ணெய் பளபளத்தது.

எனக்கு ஒரு தட்டு வந்தது. வண்டியின் நிழலில் நின்று சாப்பிட்டேன். கிளோவிஸ் பக்கத்து ஜன்னலில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை, திங்கட்கிழமை மாதிரி.

"உங்களை ரெண்டு தடவை தாண்டிப் போனேன்," என்றேன் கடைசியில்.

"பாத்தேன். தலையை ஆட்டினே."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் மாவுக்கையை நிறுத்தி, இத்தனை படித்தவன் இப்படிக் கேட்கிறானே என்பது போல என்னைப் பார்த்தார். "யாரோடவும் பேசாதீங்கன்னு நீதானேப்பா சொன்னே."

"என்னோடகூடவா?"

"யாரோடவும்னா யாரோடவும்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.